சஹனில் ஆயிஷா பீவியின் பங்கு

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் பெண்களுக்கென்று ஓர் உடற்பயிற்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். குத்துவிளக்கேற்ற ஒரு கிழவி வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள், போனேன். எண்பது தாண்டிய பழைய டிரில் டீச்சர், இன்னும் கை நடுங்காதவள், வேறென்ன தகுதி வேண்டும்? விளக்கேற்றி முடித்து நான் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வயது, உயரம், எடையைத் தட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை கலோரி தேவை என்று கைப்பேசியே சொல்லிவிடுகிறதாம். ஆனால் புதுவாயலிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு மட்டும், கணக்கெல்லாம் சரியாக இருந்தும், எடை இறங்க மாட்டேன் என்கிறதாம்.

"உங்க காலத்துல இன்னா பாட்டி பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்துல உக்காந்து சாப்பிடுவேன்" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். கேலி இல்லை. என் வேலைக்காலத்தில் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதானோ என்று எனக்கே சில நாள் தோன்றும். எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேதவல்லி, திருவள்ளூர்க்காரி. அப்பா கோயில் கைங்கரியத்தில் இருந்தார். அந்தக் குடும்பத்துப் பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விசில் ஊதப் போவதை வீதியில் பலர் ரசிக்கவில்லை. சென்னையில் பயிற்சி முடித்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டிரில் டீச்சராக வந்தேன். அங்கேயே ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை ஊருக்குப் போவேன். அவ்வளவுதான் என் பூர்வோத்தரம்.

எங்கள் வட்டாரத்து டிரில் டீச்சர்களுக்கெல்லாம் மேலதிகாரி ஞானம் மிஸ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை. பள்ளியைப் பார்வையிட வந்தால் மைதானத்துக்குப் போகமாட்டார். நேரே விடுதிச் சமையலறைக்குப் போய், துண்டில் சுற்றிக் கொண்டுவந்த சின்னத் தராசை எடுத்து அரிசியை நிறுப்பார். "பிள்ளைகள ஓடச் சொல்றதுக்கு முன்னால அது என்ன சாப்பிட்டிருக்குன்னு பாரும்மா" என்பார். நாம் கணக்கு ஒப்பிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தப்பு வந்த இடத்தில் கண் திறக்கும். திட்டமாட்டார். "இன்னொரு தரம் சொல்லு" என்பார். மூன்றாம் தரம் சொல்லும்போது நமக்கே நம் தப்பு தெரிந்து காது சிவந்துவிடும்.

கலோரிக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதலில் ஆளை நிறுக்க வேண்டும். சும்மா படுத்துக் கிடந்தாலே அந்த உடம்பு எவ்வளவு எரிக்கும் என்று எடையை வைத்துப் போட வேண்டும். அதன் மேல் உட்காரும் நேரம், நிற்கும் நேரம், நடப்பது, மாவு இடிப்பது, தண்ணீர் இழுப்பது என்று ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். அப்புறம் சாப்பாடு. அரிசியைப் பச்சையாகவே நிறுக்க வேண்டும், அவுன்சுக்குச் சுமார் நூறு கலோரி. எண்ணெயைக் கரண்டிக் கணக்கில் அளந்து ஊற்றச் சொல்ல வேண்டும். மிஞ்சியதை நிறுத்துக் கழிக்க வேண்டும். அடுத்தவர் எச்சிலை நிறுக்க எனக்கு முதலில் குமட்டியது. பழகிப் போயிற்று.

ஒரு பொங்கல் கழிந்து, கவரைப்பேட்டையில் அரிசி மண்டி வைத்திருந்த காதர் பாய் எங்கள் பள்ளிக்கு வந்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து குடியேறிய வியாபாரக் குடும்பம். அவருடைய தாயார் ஆயிஷா பீவி அந்த வருஷம் ஹஜ்ஜுக்குக் கப்பலேற வேண்டும். ஆனால் உடம்பு பெருத்து, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கியது. முழங்கால் மடங்காததால் தொழுகையைக்கூட முக்காலியில் உட்கார்ந்துதான் செய்தார். இருதயம் நன்றாக இருக்கிறது, எடை குறைந்தால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் வந்து தேகப்பயிற்சி கொடுக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும். அந்தச் சீமையில் அப்போது நான் ஒருத்திதான் இருந்தேன்.

பள்ளி விட்டதும் பாசஞ்சர் வண்டியில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டை. முதல் நாள் பீவிம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாமே, கொடி மாரி கீற. நீயா என்னிய இளைக்க வெக்கப் போற?" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா" என்று மரியாதைக்கு மாறிவிட்டார்.

நிறுப்பது பெரிய கூத்தாகிவிட்டது. ஆண்களையெல்லாம் வெளியே அனுப்பி மண்டிக் கதவைச் சாத்தினோம். மூட்டை நிறுக்கும் தராசின் ஒரு தட்டில் பீவிம்மா உட்கார்ந்தார். மறு தட்டில் மூன்று மருமகள்களும் எடைக்கல்லைத் தூக்கி வைத்தார்கள். வைத்துக்கொண்டே இருந்தார்கள். தட்டு அசைந்தபோது சின்ன மருமகள் ஜொகரா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூட்டைக்கு சாக்கு எடைய கழிக்கிறீங்களே, எனுக்கு பொடவை எடைய கழிங்கடி" என்றார் பீவிம்மா. எல்லோரும் சிரித்தோம். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

கீழே இறங்கி மூச்சு வாங்குவது நின்றதும், ஏன் நடந்தே தீர வேண்டும் என்று அவரே சொன்னார். ஹஜ்ஜில் நடக்க முடியாதவர்களைக் கட்டிலில் வைத்துத் தோளில் தூக்கிச் சுற்றிவர ஆட்கள் உண்டு. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது, இருவரும் சேர்ந்து போவதாக இருந்ததாம்.

"ஒன்ன தூக்க நாலு ஆளு பத்தாதுடி, எட்டு ஆளு வோணும்னு கிண்டல் பண்ணுவாரு. நா நடந்தே வருவேன், நீ வேணா பாருன்னு சொன்னேன். பாக்கறதுக்குள்ள மவுத்தாயிட்டாரு. ஆனா சொன்னது சொன்னதுதானே டீச்சரம்மா? கட்டில்ல ஏற மாட்டேன். நடக்க முடியலன்னா நா போவவே இல்ல."

அதற்குப் பிறகு அது எனக்கு வெறும் டியூஷன் வேலையாக இல்லை.

ஆட்கள் வேலை முடிந்து போனதும், மண்டிக்குப் பின்னால் நெல் காயவைக்கும் களத்தில் அவரை நடக்கவிடுவேன். ஜொகரா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "பேசாதீங்கோ, மூச்சை விடுங்கோ" என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். அவரோ ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே வருவார். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கவும், சுவரைப் பிடித்து எழுந்து நிற்கவும் பயிற்சி கொடுத்தேன். சாப்பாட்டுக் கணக்கும் போட்டாயிற்று. அந்த வீட்டில் பெண்கள் நால்வரும் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். சஹன் என்றால் ஈயம் பூசிய பெரிய வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கறியை ஊற்றி, சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். பொதுத் தட்டென்றால் ஆளெண்ணிக்கையால் வகு என்பது ஞானம் மிஸ் சொல்லிக்கொடுத்த முறை. நாலால் வகுத்தேன். தேவைக்குக் குறைவாகவே வந்தது. அரிசியில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. தராசு அசையவில்லை. ஒரு தடவை கூடவே காட்டியது.

"நா இன்னாத்த துண்றேன்? மருமவளுங்க துன்ற அதே சோறுதான்" என்று பீவிம்மா கண் கலங்கினார். மருமகள்களோ இளைத்துக்கொண்டே வந்தார்கள். ஜொகராவின் வளையல் முழங்கைக்கு ஏறியது.

ஞானம் மிஸ்ஸிடம் போய் ஒப்பித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். எங்கேயும் கண் திறக்கவில்லை. கடைசியில், "கணக்கு சரிதான். தனித்தட்டு வைக்கச் சொல்லு. அவங்க தட்டுல விழறத மட்டும் நிறு" என்றார். அதிகாரி சொன்னதை நான் அப்படியே செய்தேன்.

தனித்தட்டு என்றதும் அந்த வீட்டில் முகங்கள் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் காரணம் புரியவில்லை. பீவிம்மா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். நிறுத்து வைத்த சோற்றை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு கவளத்துக்கு மேல் போகவில்லை. அந்தப் பக்கம் மருமகள்களும் சஹனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். எடை இறங்கியது உண்மைதான். கூடவே பலமும் இறங்கியது. ஒரு மாலை, களத்தில் பாதி தூரம் வந்தவர் என் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார். பிடிப்பதற்குள் நெல்லின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

காதர் பாய் ஓடிவந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது.

"போதும் டீச்சர். அம்மாவ பேஜாரு பண்ணாதீங்க. நா அங்க கட்டிலுக்கு சொல்லிக்கிறேன். வர்லன்னா டிக்கெட்ட வாபஸ் பண்ணிட்றேன்."

பீவிம்மா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

"தனியா துன்னா சோறு எறங்கல டீச்சரம்மா" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "எங்கள்ல ஒருத்தர தனி சஹன்ல ஒக்கார வெச்சா, ஊட்ட பிரிச்சிட்டாங்கன்னு அர்த்தம். எம் மருமவளுங்க மூணு பேரும் தெனிக்கும் அழுவுறாளுங்க. நாங்க இன்னா மாமி தப்பு பண்ணோம்னு கேக்குறாளுங்க. நா இன்னா சொல்றது? கணக்குன்னா?"

அப்போது யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது இது:

"பழையபடி சஹன்லயே சாப்பிடுங்கோ. நானும் உங்களோட உக்காரறேன். நாலால வகுக்கறதை விட்டுட்டுப் பக்கத்துல இருந்து பாக்கறேன்."

அவர் திரும்பினார். வாசலில் நின்ற ஜொகராவும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஐயங்காரு ஊட்டுப் பொண்ணு" என்றார் பீவிம்மா மெதுவாக. "ஒங்க அப்பாவுக்கு தெரிஞ்சா?"

அது எனக்கும் பயம்தான். அந்தச் சனிக்கிழமை திருவள்ளூருக்குப் போனபோது அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன். அவர் கோயிலிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்த அம்மா அங்கே எவ்வளவு தூரம் நடக்கணும்?"

"நடுவில இருக்கற சன்னிதியை ஏழு தரம் சுத்தி வரணுமாம்ப்பா. அப்புறம் ரெண்டு குன்றுக்கு நடுவில ஏழு தரம் போய்ப் போய் வரணுமாம். வெயில்ல, கூட்டத்துல."

அப்பா சொம்பை மறுபடி எடுத்து மற்றக் காலையும் அலம்பினார். நான் திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"சேவிக்கப் போறேங்கறவளைப் பாதியில நிறுத்தறது அபசாரம்டீ" என்றார் கடைசியில். "மாம்சம் படாத பாத்திரமா பாத்துக்கோ. உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சொன்னார். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோடை விடுமுறை விட்டதும் மத்தியானச் சாப்பாட்டுக்கே கவரைப்பேட்டைக்குப் போய்விடுவேன். முதல் நாள் அடுப்படியில் எல்லாமே புதிது. புதுப் பானை, புதுக் கரண்டி, புது சஹன். காரசாரமாகக் கறி இல்லாமல் சோறு உண்ட வழக்கமே இல்லாத வீடு, எனக்காகப் பருப்புச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் நெய்யும் வைத்திருந்தது. ஜொகரா சாம்பாரில் உப்பே போட மறந்திருந்தாள், பதற்றத்தில். பிஸ்மில்லா சொல்லி நால்வரும் கைவைத்தார்கள். நான் பெருமாளை நினைத்துக்கொண்டு கைவைத்தேன். பிறர் கை பட்ட தட்டில் கைவைப்பது என் ஜன்மத்தில் முதல் தடவை. முதல் கவளத்தில் பாதியை மடியில் சிந்தினேன். அதைப் பார்த்தும் அவர்கள் பார்க்காதது போல் இருந்தார்கள். அந்த நாகரிகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

சாப்பாடு பாதி ஆவதற்குள் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூத்த மருமகள் பேசிக்கொண்டே, நல்ல மொறுமொறுப்பான வறுவலைப் பொறுக்கி மாமியார் பக்கம் தள்ளினாள். அடுத்தவள் நெய் இறங்கிய சோற்றை விரலால் அந்தப் பக்கம் ஒதுக்கினாள். ஜொகரா தன் முன்னால் இருந்ததில் பாதியைத் தள்ளியே விட்டாள். பீவிம்மா தன் பக்கத்துச் சோற்றைத்தான் சாப்பிட்டார். அந்தப் பக்கம் குறையவே இல்லை.

மறுநாள் மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நா ஒருத்திதான் டீச்சர், ஒரே ஒரு துண்டு வெப்பேன். அவளுங்க யாரும் வெக்க மாட்டாளுங்க. பாவம், மாமனாரு போனதுல இருந்து மாமி சரியா துன்றதில்ல."

பீவிம்மாவிடம் கேட்டேன். அவருக்கு முன்பே தெரியும்!

"ஆசையா தள்றாளுங்க. வேணான்னு திருப்பித் தள்ளுனா, சமையலு நல்லா இல்ல, மாமிக்கு கோவம்னு நெனச்சிப்பாளுங்க. அதுக்குத்தான் துன்னுட்றது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான்கு பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியம் அத்தனையும் ஒரே ஆளின் முழங்காலில் போய் இறங்கியிருந்தது.

வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் மறுபடி வீடு பிரியும். அதனால் ஒரு விளையாட்டு ஏற்படுத்தினேன். நான் பீவிம்மாவின் இடது கைப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் பக்கம் வந்ததை அவர் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் எனக்குத் தள்ளலாம். நான் எனக்கு அடுத்திருந்த ஜொகராவுக்குத் தள்ளுவேன். யாரும் யாரையும் மறுக்கவில்லை. பண்டம் மட்டும் சுற்றியது. முதலில் ஜொகரா வெட்கப்பட்டு நெளிந்தாள்.

"துன்னுடி. டீச்சரம்மா சோத்த எடை போட்டுக்கினு கீறாங்க, மிச்சம் வெச்சா கணக்கு ஒதைக்கும்" என்று பீவிம்மா அவளை அதட்டினார்.

ஒரு நாள் ஞானம் மிஸ் தன் தராசோடு வந்தார். சஹனில் எங்களோடு உட்கார்ந்தார். கிழங்கு ஒன்று சுற்றி வந்து ஜொகரா முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு, "வேதவல்லி, இன்னொரு தரம்" என்றார். நாங்கள் இன்னொரு கிழங்கைச் சுற்ற விட்டோம். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. துண்டைப் பிரிக்காமலே தராசை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் தராசு இறங்கத் தொடங்கியது. களத்தில் நடை நீண்டது. பேச்சும் நீண்டது, அதை மட்டும் என்னால் குறைக்க முடியவில்லை. நோன்பு மாதம் வந்ததும் என் கணக்கை மூட்டை கட்டினேன். அது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கணக்கு. பள்ளியும் திறந்துவிட்டதால் மாலையில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு நாள், உள் அறையில் அவர் தொழுதுகொண்டிருந்தார். முக்காலி மூலையில் கிடந்தது. நின்று, குனிந்து, முழங்காலை ஊன்றி நெற்றியைத் தரையில் வைத்தார். எழும்போது கை சுவரைத் தேடியது, தேடிவிட்டுத் திரும்பிவந்தது. சுவரைப் பிடிக்காமலே எழுந்து நின்றார். நான் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டேன்.

காதர் பாய் தாயாரை அழைத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்க் கப்பலேறினார். புறப்படும்போது என்னிடம் தனியாக, "கட்டிலுக்கும் சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர். அம்மாவுக்கு தெரிய வேணாம். அங்க இன்னா ஆவுமோ" என்றார். மகன் அல்லவா, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் திரும்பும் வரைக்கும் அந்த ஒரு வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கூட்டத்தையும் வெயிலையும் பார்த்து மலைத்துப்போய், சரி ஏறிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டால்?

மழைக்கு முன்னால் திரும்பினார்கள். நான் போனபோது கவரைப்பேட்டை வீட்டில் எள் விழ இடமில்லை. ஹஜ்ஜு முடித்து வந்தவரைப் பார்த்து துவா வாங்க எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்திருந்தார்கள். நடுவில் பாயில் பீவிம்மா உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மருமகள் யாரும் கை கொடுக்காமல் எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

நான் கேட்பதற்குள் அவரே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"காதர் இன்னா பண்ணான் தெரியுமா டீச்சரம்மா? எனுக்கு தெரியாம கட்டிலு சொல்லி வெச்சிட்டான். நாலு ஆளுங்க தூக்கிக்கினு வந்து எம் முன்னால நிக்கிறானுங்க."

"அப்புறம்?" என்றேன்.

"பக்கத்துல ஒரு கெழவி. எந்த ஊரோ, இன்னா பாஷையோ. ஒடஞ்ச கால வெச்சிக்கினு தரையில குந்திக்கினு அழுவுறா, அவள தூக்க யாரும் இல்ல. அவள அதுல ஒக்கார வெச்சேன். பயந்துட்டா பாவம், எங் கைய உட மாட்டேன்றா. இன்னா பண்றது? அவ கைய புடிச்சிக்கினே, கட்டிலு கூடவே ஏழு சுத்தும் நடந்தேன்."